‘டான்மார்க்’ என்ற பாய்மரக் கப்பலின் யுத்த சேவை

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கப்பலைப் பற்றி. மூன்று பாய்மரங்கள் கொண்ட ஒரு பயிற்சிக் கப்பல், இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கக் கடற்படையின் கீழ் சேவை செய்தது. விமானந்தாங்கிக் கப்பல்களும் நீர்மூழ்கிக் கப்பல்களும் மோதிக்கொண்ட யுத்தத்தில், பாயை விரித்துக்கொண்டு போகும் கப்பலுக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றும். கப்பல் உத்தியோகத்தில் பல வருஷங்கள் இருந்த எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. விவரங்களைப் படிக்கப் படிக்க, கப்பலைவிட அதன் கேப்டனுக்கு வந்த சங்கடம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைத்தான் முக்கியமாகச் சொல்லப் போகிறேன்.

கப்பலின் பெயர் டான்மார்க். நாம் டென்மார்க் என்று சொல்லும் தேசத்தை அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் பாஷையில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆக, நாட்டின் பெயரையே கப்பலுக்கும் வைத்திருந்தார்கள். டேனிஷ்காரர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-ல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் அவர்கள். 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும் வரை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அங்கே இருந்தார்கள். மாயவரம் பக்கத்து மனிதர்கள் யாராவது இங்கே இருந்தால், கடலோரத்தில் நிற்கும் அந்தக் கோட்டையைச் சின்ன வயசில் பார்த்திருப்பார்கள். சின்ன தேசம், ஆனால் கடலையே நம்பிப் பிழைத்த தேசம்.

இப்படிப்பட்ட தேசத்தில் பையன்களைக் கப்பல் வேலைக்குத் தயார் செய்வது அரசாங்கக் காரியமாகவே இருந்தது. டான்மார்க் 1932-ல் லோலாந்து தீவிலுள்ள நாக்ஸ்கோவ் என்ற ஊரில் கட்டி நீரில் இறக்கப்பட்டது. 1933-ல் வேலைக்கு வந்தது. நீளம் சுமார் 77 மீட்டர். பாய்கள் 26. நடுப் பாய்மரம் தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர், அதாவது நம் ஊர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பன்னிரண்டு பதிமூன்று மாடி உயரம். 120 மாணவர்கள் தங்கிப் படிக்கிற மாதிரி அமைத்திருந்தார்கள். தூங்குவதற்குக் கட்டில் கிடையாது, துணித் தூளிதான். இரவு கட்டித் தூங்கி, காலையில் சுருட்டி வைத்துவிட வேண்டும். அவசரத்துக்கு ஒரு டீசல் இயந்திரமும் உண்டு.

அந்தக் கப்பலைக் கட்ட முடிவெடுத்தபோது டேனிஷ் மக்கள் மனசு எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குச் சில வருஷங்கள் முன்னால் ‘கோபன்ஹேகன்’ என்று ஐந்து பாய்மரங்கள் கொண்ட பெரிய பயிற்சிக் கப்பல் அவர்களிடம் இருந்தது. தனியார் கம்பெனியுடையது. 1928 டிசம்பர் 14-ம் தேதி தென் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவை நோக்கிக் கிளம்பியது. ஒரு வாரம் கழித்து இன்னொரு கப்பலோடு வானொலியில் பேசியது. அதோடு சரி. கப்பலும் கிடைக்கவில்லை, ஒரு ஆள்கூடத் திரும்பவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். 1932 ஜூலையில் ஜெர்மனியின் ‘நியோபே’ என்ற பயிற்சிப் பாய்மரக் கப்பல் திடீர்ப் புயல் காற்றில் கவிழ்ந்து 69 பேர் இறந்தார்கள். அதே வருஷம்தான் டான்மார்க் நீரில் இறங்குகிறது. இந்தச் செய்திகளைப் படித்த பிறகும் பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். இங்கே வந்திருக்கும் மாமிகளை மனசில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். மெர்ச்சன்ட் நேவியில் பையனைச் சேர்த்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயாருக்கு டேனிஷ் பாஷை தெரியாவிட்டாலும் அந்த வீடுகளின் நிலைமை புரியும்.

1939-ல் நியூயார்க் நகரத்தில் உலகக் கண்காட்சி நடந்தது. டென்மார்க்கின் சார்பாக டான்மார்க் அங்கே போயிற்று. வெள்ளைக் கப்பல், பாய்களோடு வந்து நின்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? செப்டம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. டென்மார்க் அப்போது நடுநிலை நாடு. இருந்தாலும் வழியில் யாராவது கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில், அமெரிக்கக் கரையிலேயே இரு என்று கோபன்ஹேகனிலிருந்து உத்தரவு வந்தது. அப்படியே இருந்தது. 1940 ஏப்ரலில் கப்பல் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் என்ற துறைமுகத்தில் இருந்தது.

ஏப்ரல் 9-ம் தேதி விடியற்காலையில் ஜெர்மன் படை டென்மார்க்கில் நுழைந்தது. சில மணி நேரத்தில் அரசாங்கம் பணிந்துவிட்டது. மறுநாள், ஏப்ரல் 10-ம் தேதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் டென்மார்க், நார்வே நாடுகளின் சொத்துக்களையும் பணத்தையும் அமெரிக்காவில் முடக்கி உத்தரவு போட்டார். ஹிட்லர் கைக்கு அந்தப் பணம் போகக் கூடாது என்பது நோக்கம். நோக்கம் சரிதான். ஆனால் ஒரு கேப்டனுடைய இடத்தில் நின்று யோசியுங்கள். வேற்று நாட்டுத் துறைமுகம். பள்ளிக்கூடம் விட்டு வந்த வயசில் பையன்கள். அவர்களுக்குச் சோறு போட வேண்டும், கப்பலுக்குக் கயிறும் பாயும் வாங்க வேண்டும். ஊரிலிருந்து பணம் வரும் வழி அடைபட்டுப் போய்விட்டது. பையன்களுடைய அப்பா அம்மா எல்லாரும் ஜெர்மன் சிப்பாய்கள் நடமாடும் ஊரில் இருக்கிறார்கள்.

அந்தக் கேப்டன் பெயர் நூட் ஹான்சன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹான்சனுடைய சங்கடம் பிடிபடாது. அதே ஏப்ரல் 9-ம் தேதி நார்வேயிலும் ஜெர்மானியர் இறங்கினார்கள். நார்வே மன்னரும் மந்திரிகளும் இரண்டு மாதம் போராடிவிட்டு லண்டனுக்குப் போய் அங்கிருந்து அரசாங்கம் நடத்தினார்கள். அதனால் உலகத்தில் எந்த மூலையில் இருந்த நார்வேக் கப்பலுக்கும் சந்தேகமே இல்லை. ராஜா லண்டனில் இருக்கிறார், அவர் சொன்னபடி நடக்க வேண்டியது. ஹாலந்துக்காரர்களுக்கும் அப்படித்தான். டென்மார்க்கில் மட்டும் மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் கோபன்ஹேகனிலேயே இருந்தார். பிரதம மந்திரியும் பார்லிமென்ட்டும் பெயரளவில் வேலை செய்துகொண்டிருந்தன. ஜனங்களைக் காப்பாற்ற இதுதான் வழி என்று அவர்கள் நினைத்தார்கள். அதில் நியாயம் இல்லை என்று தூர இருந்து சொல்வது சுலபம். ஆனால் வெளிநாட்டில் இருந்த டேனிஷ் அதிகாரிக்கு அது பெரிய தொல்லையாகிவிட்டது. சட்டப்படி அவனுடைய எஜமானர் கோபன்ஹேகனில் இருக்கிறார். எஜமானருடைய கழுத்தில் வேறொருவன் கை இருக்கிறது. அங்கிருந்து வரும் உத்தரவு யாருடைய உத்தரவு?

வாஷிங்டனில் இருந்த டேனிஷ் தூதர் ஹென்ரிக் காஃப்மன் இந்தக் கேள்விக்கு முதல் நாளே பதில் சொல்லிவிட்டார். ஆக்கிரமிப்பில் இருக்கும் அரசாங்கத்தின் உத்தரவுக்குத் தான் கட்டுப்பட்டவன் இல்லை என்றார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1941 ஏப்ரல் 9-ம் தேதி, டேனிஷ் வசத்தில் இருந்த கிரீன்லாந்தில் அமெரிக்கா தளங்கள் அமைத்துக்கொள்ளலாம் என்று தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டார். கோபன்ஹேகன் அவரை வேலையிலிருந்து நீக்கியது. ராஜத் துரோகக் குற்றமும் சுமத்தியது. அமெரிக்கா மட்டும் அவரையே தூதராக வைத்துக்கொண்டது. உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மேலிடத்து உத்தரவு என்று வந்த காகிதத்தைப் பார்த்து, இது மேலிடத்தின் மனசு இல்லை என்று சொல்லும் தைரியம் எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும்.

இதற்குள் அமெரிக்கத் துறைமுகங்களில் ஒதுங்கியிருந்த டேனிஷ் சரக்குக் கப்பல்களை 1941 மார்ச் கடைசியில் அமெரிக்க அரசாங்கம் தன் காவலில் எடுத்துக்கொண்டது. அவை எடுத்துக்கொள்ளப்பட்டவை. நம் கதைக் கப்பல் தானாக வந்தது.

1941 நவம்பர் 25-ம் தேதி, ஜெர்மனியின் நெருக்கடிக்கு உட்பட்டு, டேனிஷ் வெளிநாட்டு மந்திரி பெர்லினுக்குப் போய் ஹிட்லர் கூட்டணியின் கம்யூனிச எதிர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதற்குப் பன்னிரண்டாவது நாள், டிசம்பர் 7-ம் தேதி, ஜப்பான் பெர்ல் ஹார்பரைத் தாக்கியது. 11-ம் தேதி ஜெர்மனி அமெரிக்காமேல் யுத்தப் பிரகடனம் செய்தது. ஆக, ஹான்சனுடைய சட்டபூர்வமான அரசாங்கம் ஒரு பக்கம் பெர்லினில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அவர் நிற்கும் மண் பெர்லினோடு யுத்தத்தில் இறங்கிவிட்டது.

பெர்ல் ஹார்பர் செய்தி வந்ததுமே ஹான்சன் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். கேப்டன், அதிகாரிகள், மாணவர்கள் அனைவரும் ஒருமனதாகத் தங்கள் சேவையை அமெரிக்க அரசாங்கத்துக்கு அளிக்கிறோம் என்பது அதன் சாரம். ஒருமனதாக என்ற அந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். கப்பலில் கேப்டன் வைத்ததுதான் சட்டம். பையன்களைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனாலும் தந்தியில் அவர்களையும் சேர்த்துச் சொன்னார். இந்த முடிவின் பாரம் அவர்கள் வீட்டார்மேலும் விழக்கூடும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

அரசாங்கத்துக்குச் சொந்தமான கப்பலை, அந்த அரசாங்கத்தைக் கேட்காமல், இன்னொரு அரசாங்கத்துக்குக் கொடுக்க ஒரு கேப்டனுக்கு அதிகாரம் உண்டா? சட்டப் புஸ்தகத்தைத் திறந்தால் இல்லை என்றுதான் வரும். இங்கே இருக்கும் வக்கீல்கள் இதைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடலாம். என் மாதிரி கடலில் இருந்தவனுக்குத் தோன்றுவது வேறு. கப்பலையும் கப்பலில் உள்ள ஜீவன்களையும் கப்பல் எதற்காக இருக்கிறதோ அந்தக் காரியத்தையும் காப்பாற்றுவது கேப்டனுடைய பொறுப்பு. ஜாக்சன்வில் துறையில் கட்டிப்போட்டு மூன்று வருஷம் மக்க விட்டிருந்தால் சட்டம் பிழைத்திருக்கும், கப்பல் பிழைத்திருக்காது.

அமெரிக்கா ஒப்புக்கொண்டது. மாணவர்களில் பலர் சரக்குக் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்து யுத்தக் கடலுக்குப் போனார்கள். ஹான்சனும் சில டேனிஷ் அதிகாரிகளும் ஆட்களும் கப்பலோடு இருந்தார்கள். கப்பல் வடக்கே கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊருக்குப் போயிற்று. அங்கேதான் அமெரிக்க கோஸ்ட் கார்டு, அதாவது கடலோரக் காவல் படையின் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் அகாடமி இருக்கிறது. சமாதான காலத்தில் அந்தப் படை வேறு இலாகாவைச் சேர்ந்தது. 1941 நவம்பர் 1 முதல் அதைக் கடற்படையின் கீழ் கொண்டுவந்திருந்தார்கள். ஆகவே 1942 மே மாதம் டான்மார்க் முறைப்படி சேவையில் சேர்க்கப்பட்டபோது, அது கடற்படைச் சேவையாகவே ஆயிற்று. கேப்டன் ஸ்தானத்தில் ஹான்சனே தொடர்ந்தார்.

நியூ லண்டனில் ஆற்றின் மறு கரையில் அமெரிக்காவின் பெரிய நீர்மூழ்கிக் கப்பல் தளம். கூப்பிடு தூரத்தில் நீர்மூழ்கிகளைக் கட்டும் தொழிற்சாலை. இந்தப் பக்கம் பதினெட்டாம் நூற்றாண்டுச் சித்திரத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி டான்மார்க். வயசைப் பார்த்தால் பத்து வருஷம்கூட ஆகாத கப்பல், ஜாதியில்தான் கிழம்.

வெளியே சமுத்திரத்தில் நிலைமை மோசமாக இருந்தது. 1942 ஜனவரி 14-ம் தேதியே லாங் ஐலண்டின் முனையிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் ஒரு எண்ணெய்க் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்துவிட்டது. அடுத்த ஆறேழு மாதங்களில் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் கப்பல் கப்பலாகப் போயிற்று. அதனால் டான்மார்க்கை வெளிச் சமுத்திரத்துக்கு அனுப்பவில்லை. கரைக்கும் லாங் ஐலண்டுக்கும் நடுவில் ஒதுக்கமாக இருக்கும் கடலிலேயே பயிற்சி நடந்தது.

பாய் இழுத்து என்ன கற்றுக்கொள்ள முடியும்? இதற்குப் பதில் சொல்லாமல் போனால் கதை முழுமையாகாது. கொஞ்சம் தொழில் விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறதோ அந்தத் திசைக்கு நேராகப் பாய்மரக் கப்பல் போக முடியாது. டான்மார்க் மாதிரி சதுரப் பாய் கட்டிய கப்பல் அறுபது டிகிரிக்கு மேல் ஒதுங்கித்தான் போக முடியும். ஆகவே எதிர்க்காற்றில் போக வேண்டுமானால் இடது பக்கம் கொஞ்ச தூரம், வலது பக்கம் கொஞ்ச தூரம் என்று கோணிக் கோணிப் போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கப்பலின் மூக்கு காற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போயாக வேண்டும். முதலில் சுக்கானைத் திருப்புவார்கள். அதே சமயம் மூக்குப் பக்கத்து முக்கோணப் பாய்களைத் தளர்த்துவார்கள். பின்பக்கத்துப் பாயை நடுவுக்கு இழுப்பார்கள். மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். பாய்களைத் தாங்கும் குறுக்கு மரத்தைப் பருமல் என்று நம் கடலோரத்துப் பாய்மரக்காரர்கள் சொல்வார்கள். நடு மரத்திலும் பின் மரத்திலும் உள்ள பருமல்களை, மூக்கு காற்றுக்கு நேராக வருவதற்கு ஒரு க்ஷணம் முன்னால், ஒரே வீச்சில் மறுபக்கம் திருப்ப வேண்டும். முன் மரத்துப் பருமல்களை மட்டும் தொடக் கூடாது. அவற்றின் முன்முகத்தில் காற்று மோதி மூக்கை மறுபக்கம் தள்ளும். தள்ளிய பிறகு அவற்றையும் திருப்ப வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் கப்பல் காற்றுக்கு நேராக நின்று முழிக்கும். பிறகு பின்னோக்கி நகர ஆரம்பிக்கும். பக்கத்தில் பாறை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதைச் செய்ய ஐம்பது அறுபது பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு கயிறு. நூற்றுக்கணக்கான கயிறுகளில் எது எங்கே கட்டியிருக்கிறது என்று இருட்டிலும் கை தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். உத்தரவு கொடுப்பவன் பாயைப் பார்க்க வேண்டும், கடலைப் பார்க்க வேண்டும், ஆட்களின் முகத்தையும் பார்க்க வேண்டும். அவன் தப்புச் செய்தால் எல்லாருக்கும் உடனே தெரிந்துவிடும். இயந்திரக் கப்பலில் கைப்பிடியைத் திருப்பினால் கீழே யாரோ எதையோ செய்து கப்பல் நகர்ந்துவிடும். தன் உத்தரவினால் எத்தனை பேர் முதுகு வளைகிறது என்பது மேலே நிற்கும் அதிகாரிக்குத் தெரியாமலே போகலாம். பாய்மரக் கப்பலில் அது கண்ணெதிரே நடக்கும்.

யுத்த காலத்தில் அமெரிக்காவுக்கு ஆயிரக்கணக்கில் இளம் அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். காலேஜில் படித்துக்கொண்டிருந்தவன், ஆபீசில் கணக்கு எழுதினவன், கடலையே பார்த்திராத உள்நாட்டுப் பையன், இவர்களைச் சில மாதங்களில் கப்பல் அதிகாரியாக்க வேண்டும். பல வருஷ அனுபவத்தைச் சில வாரங்களில் ஊட்ட வேண்டுமானால் மருந்து காரமாகத்தான் இருக்க வேண்டும். டான்மார்க் அந்தக் காரமான மருந்து. யுத்தம் முடிவதற்குள் சுமார் 5,000 பேர் அதில் ஏறி இறங்கினார்கள்.

அந்தப் படை யுத்தத்தில் என்ன செய்தது என்று பார்த்தால் பயிற்சியின் அருமை தெரியும். அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போனார்கள். காஃப்மன் கையெழுத்திட்ட அதே கிரீன்லாந்தின் பனிக்கடலில் ரோந்து சுற்றினார்கள். பசிபிக் தீவுகளில் படை இறக்கும் படகுகளை ஓட்டினார்கள். 1944 ஜூன் 6-ம் தேதி நார்மண்டியில் நேசப்படை இறங்கியபோது, 83 அடி நீளமுள்ள 60 சிறு கப்பல்களை வைத்துக்கொண்டு, தண்ணீரில் தத்தளித்தவர்களில் 400 பேருக்கு மேல் அந்த ஒரு நாளிலேயே தூக்கிக் காப்பாற்றினார்கள்.

நடுவில் டென்மார்க்கிலும் நிலைமை மாறியது. 1943 ஆகஸ்ட் 29-ம் தேதி, ஜெர்மனியின் கெடுபிடி தாங்காமல் டேனிஷ் அரசாங்கம் செயல்படுவதை நிறுத்திவிட்டது. அன்று விடிகாலையில் கோபன்ஹேகன் துறைமுகத்தில் இருந்த டேனிஷ் கடற்படை, ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாது என்று தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. முப்பதுக்கு மேல் இருக்கும். சொந்தத் துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்கள் கடலடியில் படுத்திருந்த அந்த நாளில், டென்மார்க்கின் பள்ளிக்கூடக் கப்பல் அன்னிய தேசத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தது. எது சரி, எது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. அந்த மாலுமிகளுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

1945 மே 5-ம் தேதி டென்மார்க் விடுதலை அடைந்தது. காஃப்மன்மேல் இருந்த குற்றச்சாட்டை ரத்து செய்து, அவரை விடுதலை மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார்கள். கிரீன்லாந்து ஒப்பந்தத்தையும் பார்லிமென்ட் அங்கீகரித்தது. அந்த வருஷம் பிற்பகுதியில் டான்மார்க் ஊர் திரும்பியது. 1939-ல் கண்காட்சிக்கென்று கிளம்பின கப்பல், ஆறு வருஷம் கழித்து வீடு போய்ச் சேர்ந்தது. நடு மரத்தில் அமெரிக்கச் சேவையைச் சொல்லும் வெண்கலத் தகடு ஒன்று பதித்திருக்கிறார்கள்.

டான்மார்க் போனதும் நியூ லண்டன்காரர்களுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. எங்களுக்கே ஒரு பாய்மரக் கப்பல் வேண்டும் என்றார்கள். கிடைத்த கப்பலின் பூர்வீகம்தான் வேடிக்கை. 1936-ல் ஹாம்பர்க்கில் ஹிட்லர் முன்னிலையில் நீரில் இறக்கி, நாஜிக் கட்சியின் ‘தியாகி’ ஹோர்ஸ்ட் வெஸல் பெயரை வைத்த ஜெர்மன் கடற்படைப் பயிற்சிக் கப்பல் அது. யுத்த இழப்பீடாக அமெரிக்கா எடுத்துக்கொண்டு, 1946 மே 15-ம் தேதி பிரெமர்ஹாவனில் ‘ஈகிள்’ என்று பெயர் மாற்றியது. அமெரிக்கக் கேப்டன் கார்டன் மகவன் கைவசம் அந்த மாதிரிக் கப்பலை ஓட்டத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. அதனால் பழைய ஜெர்மன் மாலுமிகளையும் கூடவே அழைத்துக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தார். ஒரு வருஷம் முன்னால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். வழியில் ஒரு சூறாவளியையும் சேர்ந்தே சமாளித்தார்கள். அந்த ஈகிள் இன்றைக்கும் அமெரிக்க மாணவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது.

இதே யுத்தத்தில் இன்னொரு பழைய பயிற்சிக் கப்பலும் சேவைக்கு வந்தது, அதையும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1854-ல் கட்டிய ‘கான்ஸ்டலேஷன்’ என்ற அமெரிக்க மரக் கப்பல். இயந்திரமே கிடையாது. ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வியாபாரிகளைப் பிடித்த கப்பல், பிறகு மாணவர்களுக்குப் பயிற்சிக் கப்பலாகி, கடைசியில் நியூபோர்ட் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. 1940-ல் ரூஸ்வெல்ட் அதை மறுபடி சேவையில் சேர்த்தார். அட்லாண்டிக் கடற்படைத் தளபதிக்கு மாற்றுத் தலைமைக் கப்பலாக அது இருந்தது. பீரங்கிக் கப்பல்கள் எல்லாம் கடலுக்குப் போகட்டும், அலுவலகம் இந்தக் கிழத்திலேயே நடக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. சிக்கனம் தெரிந்தவர்கள்.

நம் நாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். கடல் தாண்டினால் பிராயச்சித்தம் என்று சொன்ன பாட்டனார்களுக்குப் பிறந்த நாம்கூட இன்று இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். கோவா கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய ஐ.என்.எஸ். தரங்கிணி 1997 நவம்பர் 11-ம் தேதி இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. மூன்று பாய்மரங்கள். 2003, 2004 வருஷங்களில் உலகத்தைச் சுற்றி வந்தது. தரங்கம் என்றால் அலை. தரங்கம்பாடியிலும் அதே தரங்கம்தான். அதன் தங்கை ஐ.என்.எஸ். சுதர்சினி 2012 ஜனவரியில் வந்தது. அணுசக்தி நீர்மூழ்கி வைத்திருக்கும் கடற்படை ஏன் பாய்க்குச் செலவு செய்கிறது என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. ஆபத்தைக் காட்டி ஆட்சேபித்தால் ஒப்புக்கொள்வேன். 1957-ல் ஜெர்மனியின் ‘பாமிர்’ மூழ்கி 86 பேரில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். அப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு கப்பல் அமைப்பிலும் பாதுகாப்பு விதிகளிலும் நிறைய மாறுதல் செய்திருக்கிறார்கள். செலவைக் காட்டி ஆட்சேபித்தால்தான் எனக்குச் சம்மதமில்லை. 1942-ல் அமெரிக்காவுக்கு இல்லாத பணமா, இல்லாத இயந்திரமா?

டான்மார்க் தொண்ணூறு வயசைத் தாண்டிவிட்டது. யுத்தத்துக்குப் பிறகு பழுது பார்த்து, மாணவர்கள் எண்ணிக்கையை 120-லிருந்து 80 ஆகக் குறைத்தார்கள். தூளி மட்டும் மாறவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகள் இருப்பவர்கள், அடுத்த தடவை போகும்போது இந்தக் கப்பலோ ஈகிளோ பக்கத்துத் துறைமுகத்துக்கு வருகிறதா என்று விசாரியுங்கள். துறைமுகத்தில் நிற்கும்போது பொது ஜனங்களையும் ஏறிப் பார்க்க விடுவது வழக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏணிப்படியில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

 கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.